அளக்க வந்தவர்

வக்கீல் பெர்னார் கடை வாசலில் தலை காட்டியதும் பொன்னம்பலம் நல்ல முருங்கைக்காய்க் கட்டை எடுத்துக் கல்லாவுக்கு அடியில் ஒளித்தார். வதங்கிய கட்டு மேலே வந்தது.

"அந்தாளுக்கு இது காணும்" என்றார் மனைவி கோசலையிடம்.

பெர்னார் புதுச்சேரியிலிருந்து பிரான்சுக்கு வந்த தமிழர். வக்கீல் என்று பெயர்தான். இருபது வருடத்தில் கோர்ட் வாசலை மிதித்ததில்லை. நகரசபையில் ஒரு சட்டம் தயாராகிறது என்றால் அவருக்கு எப்படியோ மூக்கில் வேர்த்துவிடும். போய் உறுப்பினர்களோடு கை குலுக்குவார், சாப்பிட அழைத்துப் போவார். அவர்கள் கை கழுவிவிட்டு வருவதற்குள் சட்டத்தில் ஒரு வரி கூடியிருக்கும், அல்லது ஒரு வரி காணாமல் போயிருக்கும். இதற்குப் பெயர் உத்தியோகம்.

இப்போது தயாராகிக்கொண்டிருந்தது நடைபாதைச் சட்டம். கடைக்காரர்கள் வெளியே ஒரு பெட்டிகூட வைக்கக் கூடாதாம். பின்னால் இருப்பது சூப்பர் மார்க்கெட்காரர்கள் என்று பேச்சு. அவர்களுக்காக ஓடுவது பெர்னார் என்றும் பேச்சு. இந்த இரண்டாவது பேச்சைக் கிளப்பியதே பொன்னம்பலம்தான். ஒரு கவுன்சிலருக்குப் பெர்னார் மசால்தோசை வாங்கிக் கொடுத்ததை அவர் கண்ணால் பார்த்திருந்தார். வேறென்ன சாட்சி வேண்டும்?

ரூ பெர்தொனே தெருவில் பொன்னம்பலத்தின் காய்கறிக் கடையின் உயிரே வெளியில்தான் இருந்தது. வாழைப்பூவும் பூசணியும் ஒரு மீட்டர் அகலத்துக்கு நடைபாதையில் பரந்திருந்தால்தான் லா கூர்னெவ் புறநகரிலிருந்து வருகிற சனம் நின்று பார்க்கும். பெட்டிகள் உள்ளே போனால் கடையைப் பூட்ட வேண்டியதுதான்.

பெர்னார் வதங்கிய கட்டை முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டார். "அண்ணே, நாளைக்குக் காலையில நகரசபையிலேர்ந்து அளக்க வர்றாங்க. நானும் வர்றேன். வச்சது வச்சபடி இருக்கட்டும். ஏன்னா..."

அந்த 'ஏன்னா'வுக்குப் பிறகு வந்ததைக் கேட்கப் பொன்னம்பலம் நிற்கவில்லை. விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். இது அபராதம் எழுத வைக்கிற பொறி என்று கோசலைக்கு விளக்கிவிட்டு, தெருவில் இருந்த எல்லாத் தமிழ்க் கடைக்கும் போன் போட்டார்.

மறுநாள் காலை தெருவே மொட்டையடித்ததுபோல் இருந்தது. பொன்னம்பலத்தின் வாசலில் ஒரே ஒரு வரிசை கறிவேப்பிலைப் பெட்டி.

நகரசபையிலிருந்து ஆன்ஜெலிக் என்ற பெண் நாடாவோடு வந்து அளந்தாள். நாற்பது சென்டிமீட்டர்.

பெர்னாருக்கு முகம் வெளுத்துவிட்டது. "அண்ணே, தினமும் எவ்ளோ வைப்பீங்கன்னு நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றவர் கண்ணாலும் கெஞ்சினார்.

ஆள் மாட்டிக்கொண்டு முழிக்கிறான் என்று பொன்னம்பலத்துக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. கல்லாவுக்கு மேலிருந்த முருகன் படத்தில் கை வைத்து, "நல்லூரான் ஆணை, எப்பவும் இவ்வளவுதான்" என்றார். பிறகு அதையே பிரெஞ்சிலும் ஒரு தடவை சொன்னார். ஆன்ஜெலிக் பயபக்தியோடு எழுதிக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்துப் பெர்னார் ஒரு காகிதத்தோடு வந்தார். பொன்னம்பலம் முகம் கொடுக்கவில்லை. கோசலைதான் வாங்கி வாசித்தாள்.

நகரம் முழுக்கத் தடை. ஆனால் இந்தத் தெருக் கடைகளுக்கு மட்டும் விலக்கு. இதுவரை எவ்வளவு வைத்து வந்தார்களோ, அவ்வளவும் தொடர்ந்து வைத்துக்கொள்ளலாம்.

சூப்பர் மார்க்கெட்காரர்கள் தேடி வந்தபோது தான் முடியாது என்று சொல்லிவிட்டதாகப் பெர்னார் சொன்னார். கவுன்சிலருக்குத் தோசை வாங்கிக் கொடுத்ததே இந்தத் தெருவுக்காகத்தானாம், அதுவும் சொந்தக் காசில்.

பொன்னம்பலத்தை வெட்கம் பிடுங்கித் தின்றது. குனிந்து, அன்றைக்கும் ஒளித்து வைத்திருந்த நல்ல கட்டை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

"உங்களைப் பிழையா நினைச்சிட்டன் ஐயா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

பெர்னார் வாங்கிக்கொண்டு தலையைச் சொறிந்தார். "அக்கா, பின்பக்கத்தையும் படிச்சிடுங்க. ஒரு மீட்டர்னுதான் அண்ணே நான் கேட்டிருந்தேன். ஆன்ஜெலிக்தான் நாப்பது சென்டிமீட்டர்னு மாத்திட்டாங்க, தெருவுல எல்லாருக்கும். சாமி மேல சத்தியம் பண்றவரை நம்புறதா, லாபி பண்ற வக்கீலை நம்புறதான்னு கேட்டாங்க."