ஒரே பெட்டியைக் காட்டிய சுட்டிகள்

முட்டையிலிருந்து குஞ்சு பொரிக்கும் இயந்திரத்தின் நிரலில் நெட்டையன், குட்டையன் என்று, நினைவகத்தில் ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டும் இரண்டு சுட்டிகள் இருந்தன. வெப்ப அளவு இருந்த ஒரே நினைவகப் பெட்டியைத்தான் இரண்டும் காட்டின.

நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலர் எச்சரித்தது. "நீங்க வேற வேற வகை. அதனால பெட்டியும் வேறன்னுதான் நான் எடுத்துக்குவேன்."

"தொணதொணக்காதீங்க அண்ணே!" என்று நெட்டையன் எச்சரிக்கையை அணைத்துவிட்டான்.

இயந்திரம் ஓடியது. சூடு ஏறவே, குட்டையன் பெட்டியில் நாற்பத்தைந்து டிகிரி என்று எழுதினான்.

"இப்ப எவ்வளவு?" என்று கேட்டான் நெட்டையன்.

கம்பைலர் பெட்டியைத் திறக்காமலே, "முப்பத்தேழு" என்றது.

குஞ்சுகளுக்கு ஏற்ற சூடுதான் என்று நெட்டையன் நிம்மதியாக ஹீட்டரை ஓடவிட்டான். வெகுநேரம் கழித்துப் பெட்டியை எட்டிப் பார்த்தவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"ஐயோ, நாற்பத்தைந்தா!"

"அதை எழுதினது குட்டையன். அவன் வேற வகையாச்சே, உன் பெட்டியை யாரும் தொடலைன்னு பழைய எண்ணையே சொன்னேன்" என்றது கம்பைலர்.

நெட்டையன் பதறி ஹீட்டரை நிறுத்தினான். வெந்துபோன முட்டை ஓட்டுக்குள்ளிருந்து ஒரு கீச்சொலிகூட வரவில்லை.