ஏழரை மணித் திட்டு

காலை ஏழரை ஆனால் போதும், கீழ்வீட்டில் நீலாம்பாள் புருஷனைத் திட்ட ஆரம்பித்துவிடுவாள்.

சாதாரணத் திட்டு இல்லை. வண்ணார்பேட்டை பஸ் சத்தத்தையும் மீறி மாடிக்குக் கேட்கும். கல்யாணத்தன்று மாப்பிள்ளை ஊர்வலம் இரண்டு மணி நேரம் பிந்தி வந்தது, முதல் தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த சேலை ஒரே துவைப்பில் சாயம் போனது, ஒன்று பாக்கி விடமாட்டாள்.

அவர்கள் வீட்டு மாடிக்கு வாடகைக்குக் குடிவந்து பத்து நாள்கூட ஆகாத வினோலியாவுக்கு அதைக் கேட்கக் கேட்க ஆத்திரமாக வந்தது. காரணம், திட்டு வாங்குகிற ஐயம்பெருமாள் பக்கவாதத்தில் வலது கையும் பேச்சும் போன மனுஷர். ஓய்வுபெற்ற சர்வேயர். வாசலை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அவள் போகும்போதும் வரும்போதும் இடது கையைத் தூக்கிச் சிரிப்பார். அவ்வளவுதான்.

வினோலியாவுக்கு அது வெறும் பரிதாபம் இல்லை. அவள் படித்ததே இந்த நோயைப் பற்றித்தான். உவரிக்காரப் பெண். டாக்டர் பட்டம் வாங்கிய கையோடு, பக்கவாதத்துக்குப் புதிய சிகிச்சைகளைத் தேடும் ஆராய்ச்சிக் குழுவில் இரண்டு வருஷ வேலை கிடைத்து திருநெல்வேலிக்கு வந்திருந்தாள். பேச்சுப் போனவர்களின் தலையில் லேசாக மின்தூண்டல் கொடுத்தபடி, பசு, குடை, சாவி என்று படம் காட்டிப் பேர் சொல்ல வைக்க வேண்டும். நோயாளியிடம் குரலை உயர்த்தக் கூடாது, அவசரப்படுத்தக் கூடாது, முகம் சுளிக்கவே கூடாது. சேர்ந்த அன்றே சொல்லிக் கொடுத்த பாடம் அது.

அம்மா பிலோமினாவிடம் போனில் புலம்பினாள். அடுத்தவர் வீட்டு விவகாரம் நமக்கு எதுக்கு, வேற வீடு பாரு என்றாள் அம்மா.

வினோலியாவுக்கு மனசு கேட்கவில்லை. வீடு மாறினால் அவள் காதுக்கு நிம்மதி. அந்த மனுஷர் காதுக்கு?

வியாழக்கிழமை ஏழரைக்குச் சத்தம் ஆரம்பித்ததும் விடுவிடுவென்று படி இறங்கினாள். நீலாம்பாள் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தாள். ஐயம்பெருமாள் முகம் ஏற்கெனவே சிவந்து கிடந்தது.

"அம்மா, ஒண்ணு சொல்லுதேன், தப்பா நினைக்காதீங்க. இவரு நோயாளி. நீங்க இப்படிப் பேசுதது பாவம். தினமும் இதையே கேட்டா இருக்கிற தெம்பும் போயிரும்."

நீலாம்பாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். புருஷன் பக்கம்தான் திரும்பினாள்.

"பாத்தியளா, மாடிப் பிள்ளை உங்களுக்காகப் பரிஞ்சுக்கிட்டு வருது. அம்பாசமுத்திரத்துல எங்க அண்ணன் வயலை நீங்க அளந்த லட்சணம் அதுக்குத் தெரியாதுல்லா? எல்லைக்கல்லு அரை அடி வாய்க்காலுக்குள்ள போயிட்டு. ஊரே சிரிச்சுது. நீங்கல்லாம் ஒரு சர்வேயரு."

வினோலியா பதறிப்போனாள். முப்பத்தைந்து வருஷம் ஊர் ஊராக நிலம் அளந்த மனுஷரிடம் சொல்கிற பேச்சா இது?

ஐயம்பெருமாளின் உதடு கோணிக்கொண்டு துடித்தது. இடது கையால் நாற்காலியை ஓங்கித் தட்டினார்.

"கல்லை... மாத்தி... நட்டது... ஒங்க... அண்ணன்."

இவளுக்கு நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டாள் வினோலியா.

நீலாம்பாள் சட்டென்று அவள் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப் போனாள். கதவையும் சாத்தினாள். வீட்டைக் காலி பண்ணு என்று சொல்லப் போகிறாள், சொல்லட்டும், நானே போகிறேன் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தாள் வினோலியா.

நீலாம்பாளின் கண் கலங்கியிருந்தது. முகம் முழுக்கச் சிரிப்பு. விரல்விட்டு எண்ணினாள்.

"அஞ்சு வார்த்தை பிள்ளை. சேந்தாப்புல அஞ்சு. நேத்து வரைக்கும் மூணுதான்."

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னாள். நோய் வந்த புதிதில் எல்லோரும் அவரிடம் கொஞ்சித்தான் பேசினார்களாம். படம் காட்டினார்கள், பாட்டுப் போட்டார்கள். மனுஷர் சிரிப்பதோடு சரி. ஒருநாள் பால் பொங்கி வழிந்துவிட்டது. பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறவர் ஒரு சத்தம் கொடுக்கக் கூடாதா என்று எரிச்சலில் கத்திவிட்டாளாம். அவர் பதிலுக்குக் கோபமாக, "போடி" என்றாராம்.

"எட்டு மாசங்கழிச்சு அவரு வாயில இருந்து கேட்ட முதல் வார்த்தை அதுதான். பூசை ரூமுல போயி உக்காந்து அழுதேன்."

அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டாள் நீலாம்பாள். காலையில் காப்பி குடித்துத் தெம்பாக இருக்கிற நேரமாகப் பார்த்து, அன்றாடம் ஒரு கதையை எடுத்துவிட்டாள். அவர் பதிலில் ஒரு வார்த்தை இரண்டானது, இரண்டு மூன்றானது.

வினோலியாவும் அந்த வார்த்தைகளை விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்; ஐந்துதான்.

நீலாம்பாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெளியே கேட்டுவிடாதபடி குரலைத் தாழ்த்தினாள்.

"நாப்பது வருசத்துக் குத்தங்குறை எல்லாம் இன்னையோட தீந்துபோச்சு தாயி. மனுசன் பெரிசா ஒரு தப்பும் பண்ணல. நாளைக்குத் திட்டுததுக்கு நீதான் ஏதாவது யோசிச்சுக் குடுக்கணும்."