ஊறிய ரீட்

கே.கே. நகர் ஸ்டுடியோவில் ஏ.சி. மட்டும் முனகிக்கொண்டிருக்கிறது. ஐம்பது வருடமாக ஜாஸ் வாசிக்கிற சௌரிராஜன், தாளத்தை இழுக்கிறாய் என்று டிரம்மர் பாண்டியராஜனை மூன்று முறை கடிந்துகொண்டாகிவிட்டது. பதிவு செய்யும் சத்யப்ரியா இப்போது பதிவானதில் டிரம்ஸை மட்டும் ஓடவிடுகிறாள், பிசகே இல்லை. அதோடு அவருடைய சாக்ஸபோனைச் சேர்க்கிறாள். ஒவ்வொரு இடத்திலும் அது ஒரு நூல் பிந்தி, மூச்சிரைத்துக்கொண்டு வந்து சேர்கிறது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் அவள் குனிந்து ஏதோ வயரைச் சரிசெய்கிறாள். சரிசெய்ய அதில் ஒன்றுமில்லை. “நான்தாண்ணே இழுத்துட்டேன். இன்னொருக்கா போவோம்,” என்கிறான் பாண்டியராஜன், கையிலுள்ள குச்சிகளைப் பார்த்தபடி. சௌரிராஜனுக்குக் காதுமடல் கொதிக்கிறது. “இல்லப்பா” என்று சொல்ல வாயெடுத்தவர், சாக்ஸபோனின் ஊதுவாயிலிருந்து நாணல் ரீடைக் கழற்றி, ஏற்கெனவே ஊறிப்போயிருப்பதை, வாசிக்குமுன் நனைக்கிற மாதிரி மறுபடியும் வாய்க்குள் வைத்துக்கொள்கிறார்.