மாற்ற வேண்டிய ஆள்

சாயப்பட்டறையின் கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் திட்டம் தள்ளாடிக்கொண்டிருந்தது. அதன் பொறுப்பாளரை உடனே மாற்றச் சொன்னாள் மேலாளர்.

“நல்ல உழைப்பாளியாச்சேம்மா...” முதலாளி இழுத்தார்.

“உழைப்பாளிதான் சார். ஆனா மெஷினைக் கண்டாலே அவருக்கு உதறல். விற்பனைக்கு அனுப்புங்க, பேசியே ஜெயிச்சுடுவார். இங்கே ரசாயனம் தெரிஞ்சவங்க வரட்டும். இல்லேன்னா போட்ட பணமெல்லாம் கழிவுத் தண்ணியோடயே போயிடும்.”

முதலாளிக்கும் அது புரிந்துதான் இருந்தது. “மனசு உடைஞ்சுட்டா?”

கதவைத் திறந்து பொறுப்பாளரே எட்டிப் பார்த்தான்.

“அப்பா ஒத்துக்கிட்டாரா? நான் கேட்கப் பயந்துதானே உன்னை அனுப்பினேன்!” என்றான் மேலாளரான தன் மனைவியிடம்.

முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். “அடேய்! உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு எனக்கு ஒரு வாரமா சோறே இறங்கலடா!”