முகம் மறக்காத மேக்பை

“இன்னும் கொஞ்சம் மேல எறி செல்லம். கூட்டுக்குப் பக்கத்துல விழணும்” என்றாள் ட்ரூடி, சமையலறை ஜன்னலின் கொசுவலைக்குப் பின்னால் நின்றபடி.

வாசல் யூகலிப்டஸ் மரத்தடியில் நின்ற ஏழு வயது ஹேசல் அடுத்த கல்லை எறிந்தாள். மேக்பை பறவை ஒன்று கறுப்பும் வெள்ளையுமாகக் கீழே பாய்ந்து, அவள் தலையில் கவிழ்த்திருந்த ஐஸ்கிரீம் டப்பாவில் டக்கென்று கொத்திவிட்டு மேலே போனது. டப்பாவின் பின்பக்கம் மார்க்கரால் வரைந்த இரண்டு பெரிய கண்கள் மட்டும் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தன. முகத்தில் கட்டியிருந்த முகமூடி மரத்தைப் பார்த்திருந்தது.

இந்த யோசனை தபால்காரரால் வந்தது. மேக்பைகள் கொத்தாமலிருக்க ஹெல்மெட் முழுக்கப் பிளாஸ்டிக் பட்டைகளைக் குத்திக்கொண்டு முள்ளம்பன்றி மாதிரி வந்த மனிதர், “இதுங்க மனசுல ஒரு முகம் பதிஞ்சா போச்சு. வருஷக்கணக்கா மறக்காது. இதுக்கு என் மாமியாரே தேவலை” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றே ட்ரூடி பழைய கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையைத் தேடி எடுத்தாள். அதில் கிளெனின் தோளில் சாய்ந்து இவெட் சிரித்துக்கொண்டிருந்தாள். ட்ரூடியின் புருஷனை எடுத்துக்கொண்டவள். வருகிற சனிக்கிழமை மகளையும் கூட்டிப்போக வருகிறவள். குழந்தை இனி அப்பா வீட்டில்தான் வளர வேண்டும் என்று கோர்ட்டில் சொல்லிவிட்டார்கள்.

பிள்ளையைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும். அந்தச் சிரித்த முகத்தை முழுசாகத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

முகமூடிக்காக இவெட்டின் முகத்தை நிஜ அளவுக்குப் பெரிதாக்கி அச்சடிக்கப் போனபோது ஹேசல் ட்ரூடியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

“அம்மா, உன் படமும் அதே மாதிரி ஒண்ணு வேணும். பள்ளிக்கூடத்துச் சுவர்ல ‘என் அம்மா’ன்னு எழுதி ஒட்டணுமாம்.”

ட்ரூடி உடனே தன் படத்தையும் அச்சடித்தாள். பிஸ்கெட் போனதிலிருந்து இந்தப் பிள்ளை அவளை ஏறிட்டுப் பார்த்ததே இல்லை.

பிஸ்கெட், கிளென் வாங்கிக்கொடுத்த நாய். அவன் வீட்டை விட்டுப் போன மறுநாள் ட்ரூடி அதைக் காரில் ஏற்றிக்கொண்டு போய், கழுத்துப்பட்டையோடு மட்டும் திரும்பி வந்தாள். “ஓடிப்போச்சு, உங்கப்பா மாதிரி” என்றாள். ஹேசல் அழவில்லை. பட்டையை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

இப்போது அதே பிள்ளை ஆசையாகக் கூட்டுச் சேர்ந்திருந்தது. இரண்டு படங்களையும் வாங்கிக்கொண்டு, “முகமூடி நானே செஞ்சுக்கறேம்மா” என்று தன் அறைக்குள் போனது. தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கல் எறிந்தது. ட்ரூடி பின்பக்கச் சந்து வழியாகவே போய்வந்தாள். பறவைகள் வேறொரு முகத்தைப் பார்த்துக் குழம்பிவிடக் கூடாது.

சனிக்கிழமை இவெட் வெறுந்தலையோடு வந்து, மரத்தடித் தபால் பெட்டி அருகே நின்றாள். அதைத் தாண்டி அவள் உள்ளே வரக் கூடாது என்பது ட்ரூடி போட்ட சட்டம்.

ட்ரூடி கொசுவலையில் மூக்கு இடிக்க நின்றாள். கிளையில் இருந்த மேக்பை கழுத்தைச் சாய்த்து இவெட்டைப் பார்த்தது. பிறகு தன் இறகைக் கோதத் தொடங்கியது.

“கொத்தித் தொலையேன் சனியனே” என்று பல்லைக் கடித்தாள்.

“அம்மா, பை கனக்குது. கேட் வரைக்கும் தூக்கிட்டு வாயேன்.” ஹேசல் டப்பாவைக் கவிழ்த்துக்கொண்டு தயாராக நின்றாள். ட்ரூடி தன் தொப்பியைத் தேடியதும் சிரித்தாள். “உனக்கு எதுக்கும்மா தொப்பி? உன்னைத்தான் அதுங்களுக்குத் தெரியாதே.”

அதுவும் சரிதான். ட்ரூடி பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் இறங்கினாள்.

பாதி வழியில் ஹேசல் நின்றாள். “ஓடிப்போற நாய், பட்டையைக் கழட்டிக் கையில குடுத்துட்டா ஓடும்?”

“இப்ப எதுக்குடி அந்தப் பேச்சு?”

மேலே இறக்கைகள் படபடத்தன. முதல் கொத்து ட்ரூடியின் புருவத்தில் விழுந்தது. இரண்டாவது இமையில். இன்னொரு பறவையும் சேர்ந்துகொண்டது. பையைப் போட்டுவிட்டு ட்ரூடி முழங்காலில் விழுந்து முகத்தைப் பொத்தினாள். விரலிடுக்கில் இரத்தம் வழிந்தது.

இவெட் கோட்டைக் கழற்றிக்கொண்டு ஓடிவந்து அவள் தலையைப் போர்த்தினாள். இவெட்டை எந்தப் பறவையும் தொடவில்லை.

ஹேசல் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பையைத் திறந்து முகமூடியை எடுத்து நீட்டினாள். கோட்டின் இடுக்கு வழியாக, திறக்க முடிந்த ஒற்றைக் கண்ணால் ட்ரூடி பார்த்தாள். கண்கள் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகளோடு அவளுடைய முகமே அவளைப் பார்த்துச் சிரித்தது.

“அப்போ அவ படம்? அவ படத்தை என்னடி பண்ணின?”

ஹேசல் ஐஸ்கிரீம் டப்பாவைக் கழற்றி வைத்துவிட்டு, இவெட்டின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அதைத்தாம்மா ‘என் அம்மா’ன்னு பள்ளிக்கூடத்துல ஒட்டிட்டேன்.”