ஊசிக்குப் பின் மல்லாட்டை

திண்டிவனத்துக்கு மேற்கே, விலங்குகள் காப்பகத்தின் கூண்டுக்குள் காலை வெயில் கோடுகோடாக விழுகிறது. சர்க்கஸிலிருந்து மீட்கப்பட்ட சிம்பன்சி ஜூலி சுவரோடு சாய்ந்து கிடக்கிறது. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. நான்கு நாளாகக் கேப்பைக் கூழைத் தொடவில்லை. இன்று அதன் வேதனையை முடித்துவிடுவதென்று டாக்டர் வந்திருக்கிறார். "மொத ஊசி தூங்குறதுக்குதாம்மா. அப்புறம் அதுக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க கூப்பிட்டாத்தான் வரும்." பராமரிக்கும் வேணி தலையைக் குனிந்துகொள்கிறாள். "வந்துடும் சார். அதான் பேஜாரா இருக்குது." பதினொரு வருடமாக அவள் பழக்கியது அது: தோளைக் கம்பியில் ஒட்டி வைத்தால் ஊசி, ஊசி முடிந்ததும் ஒரு மல்லாட்டை, ஓடு உரிக்காத வேர்க்கடலை. "தோளு குடு, ஜூலி." தரையில் தேய்ந்து தேய்ந்து வருகிறது. தோளை ஒட்டி வைத்து, வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. ஊசி இறங்குகிறது. உள்ளங்கை கம்பிக்கு வெளியே நீள்கிறது. வேணி முந்தானை முடிச்சை அவிழ்க்கிறாள். "இப்ப குடுக்காதீங்கம்மா, தொண்டையில சிக்கிக்கும்." மல்லாட்டை அவள் கைக்குள்ளேயே இறுகுகிறது. ஜூலி தன் வெறுங்கையைப் பார்க்கிறது. அவளைப் பார்க்கிறது. பிறகு கையை இழுத்துக்கொண்டு, தான்தான் சரியாகச் செய்யவில்லை என்பதுபோல, இன்னொரு முறை தோளைக் கம்பியில் ஒட்டி வைக்கிறது.