ஐம்பத்து மூன்றாவது பெயர்

“செல்போனைக் கூடையில போடுங்க. பையெல்லாம் மேசைக்குக் கீழ. பாத்து எழுதுனா அப்பவே வெளிய அனுப்பிருவேன்” என்றார் இசக்கிதுரை.

மட்டாஞ்சேரி பஜார் சாலையில் சுக்கு மூட்டைகள் அடுக்கியிருந்த பழைய கிடங்கு அது. வெள்ளையடித்து, விளக்குகள் தொங்கவிட்டு, அடுத்த வாரம் அதை ஸ்பானிய உணவகமாகத் திறக்கப்போகிறார். சுவரிலிருந்து சுக்கின் நெடி மட்டும் இன்னும் போகவில்லை.

தாளில் ஸ்பானிய உணவுகளின் பெயர்கள் பன்னிரண்டு. ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் பொருத்தமான ஒரு பெயர், உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வரி. பெரிய எழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுத வேண்டும்.

“படிச்சதும் வெள்ளக்காரனுக்கு நாக்குல எச்சி ஊறணும். போன்ல போட்டுப் பாத்தா ‘பழைய துணி’ன்னு வருது. துணியை எவன் திம்பான்?” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். “மொழிபெயர்ப்பாளர் வேலை ஒருத்தருக்குத்தான். காலையில மூணு பேரு எழுதிட்டுப் போயாச்சு. நீங்க ரெண்டு பேருதான் பாக்கி.”

ஷமீனா பேனாவைத் திறந்தாள். இரண்டு வருடமாக யூதத் தெருவில் ஒரு மசாலாக் கடையின் வாசலில் நிற்கிறாள். கப்பலில் வந்திறங்கும் பயணிகளை ஐந்து மொழிகளில் உள்ளே கூப்பிடுவதுதான் வேலை. சாயங்காலமானால் தொண்டையும் காலும் தனித்தனியாக வலிக்கும். எர்ணாகுளத்தில் படித்த ஸ்பானிய மொழியை வைத்து நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதிக்க, இதைவிட்டால் வேறு வாய்ப்பு இல்லை.

அவள் தாளில் வரிசை எண் முப்பத்தேழில் தொடங்கி நாற்பத்தெட்டில் முடிந்தது. பக்கத்தில் இருந்தவளின் தாள் நாற்பத்தொன்பதில் தொடங்கியது.

“வேற வேற செட்டு போல. காப்பியடிக்கக் கூடாதுன்னு பண்ணியிருக்காங்க” என்று கிசுகிசுத்தாள் பக்கத்தில் இருந்தவள். பெயர் சுபாஷிணி. கோயம்புத்தூரிலிருந்து எர்ணாகுளத்துக்குக் கல்யாணமாகி வந்தவள். “நான் இதைத் தொட்டே ஆறு வருஷமாச்சுங்க. பையன் இப்பத்தான் ஸ்கூலுக்குப் போறான்.”

ஷமீனாவின் பேனா எங்கும் நிற்கவில்லை. ‘வானத்துப் பன்றிக்கொழுப்பு’ என்று பொருள்படும் உணவில் பன்றியே கிடையாது. முட்டையின் மஞ்சள் கருவும் சர்க்கரைப் பாகும்தான். ‘நாடோடியின் கை’ என்பது வெறும் கேக் சுருள். இந்தப் பொறிகளெல்லாம் அவளுக்குத் தெரியும்.

இசக்கிதுரை தண்ணீர் குடிக்க உள்ளே போனார். சுபாஷிணி சட்டென்று சாய்ந்தாள்.

“அம்பத்திமூணு. ஃபிளமென்கீன்னா என்னங்க? சுத்தமா மறந்துபோச்சு.”

பன்றி இறைச்சியைச் சுருட்டிப் பொரிப்பது. ஷமீனாவுக்கு அது நன்றாகத் தெரியும். சொன்னது வேறு.

“மீனாக்கும் சேச்சி. மாவுல முக்கிப் பொரிக்கிறது.”

“ரொம்ப தேங்க்ஸ்ங்க.” சுபாஷிணி அதைப் பெரிய எழுத்தில் அழகாக எழுதினாள்.

நேரம் முடிந்ததும் இசக்கிதுரை இரண்டு தாள்களையும் வாங்கி, மேசையில் நேராக விரித்துத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டார். “தொலைஞ்சுபோகாம இருக்கட்டும்லா. நாளைக்கு போன் வரும்.”

வெளியே தூறிக்கொண்டிருந்தது. சுபாஷிணி தன் குடையில் ஷமீனாவையும் சேர்த்துக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை நடந்தாள்.

“உங்களுக்குத்தான் கிடைக்கும். என்ன வேகம்ங்க! தப்பித்தவறி எனக்குக் கிடைச்சா, அந்த மீனுக்காக உங்களுக்கு ஒரு பிரியாணி.”

தோப்பும்படி பஸ் வந்தது. ஏறும்போது குடையை ஷமீனாவின் கையில் திணித்தாள். “நான் பஸ்ல போறேன், நீங்கதானே நடக்கணும். முதல் நாள் வேலைக்கு வரும்போது கொண்டுவாங்க, நான் வந்து வாங்கிக்கறேன்.”

பஸ் போய்விட்டது. ஷமீனா அந்தக் குடைக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வந்த வழியே திரும்பினாள்.

இசக்கிதுரை அதே மேசையில்தான் இருந்தார்.

“சார், அம்பத்திமூணு மீனில்ல, பன்னியாக்கும். அந்தச் சேச்சி கேட்டப்ப நான் வேணும்னே தப்பாச் சொன்னேன். அவங்க மார்க்கைக் குறைக்காதீங்க. வேணும்னா என் பேரை வெட்டிருங்க.”

அவர் பதறவில்லை. சுபாஷிணியின் தாளை எடுத்து, அந்த ஒரு வரியைச் சிவப்பு மையால் திருத்தினார். பிறகு தாளை ஷமீனாவின் பக்கம் நகர்த்தினார்.

“மத்த பதினொண்ணும் சரியாம்மா? ஒரு தடவ பாத்துரு.”

செய்த பாவத்துக்கு இதையாவது செய்யலாம் என்று ஷமீனா நின்றுகொண்டே வரிவரியாகப் படித்தாள். எல்லாம் சரி. சில இடங்களில் தன்னுடையதைவிட நன்றாகவே இருந்தது. அதை அவரிடம் சொன்னாள்.

“இந்தக் காலத்துல இப்படி ஒரு மனசா! நல்லாருப்ப தாயி” என்று இசக்கிதுரை கை கூப்பினார்.

வேலை போனால் போகட்டும் என்றிருந்தது ஷமீனாவுக்கு. மனசு லேசாகி வாசலில் குடையை விரித்தபோது, உள்ளே அவர் சிவகாசி அச்சகத்தோடு போனில் பேசுவது கேட்டது.

“அண்ணாச்சி, அனுப்புன படத்துல அம்பத்திமூணு மட்டும் ஃபிஷ்ஷை எடுத்துட்டு போர்க்னு போடுங்க. அறுபதும் வந்தாச்சு, மெனு கார்டை அடிச்சுருங்க.”

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். இசக்கிதுரை சிரித்தார்.

“ஆளா? அதான் வேலை முடிஞ்சுபோச்சே அண்ணாச்சி, இனி ஆளு எதுக்கு?”